உப்பு ஏறிய வயலும் ஷாலிமார் ரயிலும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பியும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்மணி, ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "மேஷோமோஷாய், உங்க பாஷையில என்னவோ கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலே. நீங்களே பேசுங்க."

(மேஷோமோஷாய் என்றால் தாயாரின் சகோதரியைக் கட்டியவர். நம் கணக்கில் பெரியப்பாவோ சித்தப்பாவோ. ஹவுராவில் இத்தனை வருஷம் குடியிருந்ததற்கு எனக்குக் கிடைத்த பட்டங்களில் இது ஒன்று!)

மறுமுனையில் திருப்பூர். பனியன் கம்பெனிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர். அந்த அம்மாளின் மூத்த மகன் அவரிடம் வேலை பார்க்கிறான்.

"சார், நீங்க தமிழுங்களா? நல்லதாப் போச்சுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இந்தப் பையன் நம்ம இந்தியாக்காரன்தானுங்களா? போலீஸ்காரங்க ரூம் ரூமா வந்து பாக்கறாங்க. ஆதார் வெச்சிருக்கான். அது மட்டும் பத்தாதுங்கறாங்க. ஊர்ல நிலம் நீச்சு, வீடு, பழைய பத்திரம் ஏதாச்சும் இருந்தா அனுப்பச் சொல்லுங்க. நல்ல பையனுங்க, அவனை அனுப்ப எனக்கு மனசில்லே."

அவர் கேட்டதிலும் தப்பில்லை. வங்கதேசத்திலிருந்து உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர்கள் திருப்பூரில் பிடிபட்டதை நாமும் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். கேட்டதை அந்த அம்மாளுக்கு வங்காளியில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஜொமி நேய், காகொஜ் ஆச்சே" என்றார். நிலம் இல்லை, காகிதம் இருக்கிறது.

அந்த நிலம் எங்கே போயிற்று என்று விசாரித்தபோது கிடைத்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பருவநிலை மாற்றம், உலக வெப்பம் என்றெல்லாம் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பரிசு வாங்குகிறார்கள். பனிக்கரடி, உருகும் பனிமலை என்று வரைகிறார்கள். ஹவுராவிலிருந்து தெற்கே ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருப்பதை யாரும் வரைந்து நான் பார்க்கவில்லை.

கங்கா சாகருக்கு நம்மில் பலர் போயிருப்போம். நாம் இங்கே பொங்கல் வைக்கும் அதே சமயத்தில் அங்கே லட்சக்கணக்கான ஜனங்கள் மகர சங்கராந்தி ஸ்நானம் செய்கிறார்கள். கபில முனி கோயிலைத் தரிசித்தவர்களுக்கு அது எத்தனையாவது கோயில் என்பது தெரிந்திருக்காது. முன்பிருந்த கோயில்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போதிருப்பது 1970களில் கட்டியது. அதையும் நோக்கிக் கடல் வந்துகொண்டிருக்கிறது. சாகர் தீவுக்குப் போகும் படகிலிருந்து வடக்கே பார்த்தால் கோராமாரா என்று ஒரு சிறு தீவு தெரியும். அந்த அம்மாள் பிறந்தது அங்கேதான். சில பத்தாண்டுகளில் அந்தத் தீவு தன் நிலத்தில் பாதிக்கு மேல் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்போது அங்கே சுமார் 5,000 பேர் மிச்சம் இருந்தார்கள். பக்கத்தில் லோஹாசரா என்று இன்னொரு தீவு இருந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் வாழ்ந்த அந்த இடம் முழுவதுமே தண்ணீருக்கு அடியில் போயிற்று. பின்னால் கொஞ்சம் வண்டல் மேலே தலை காட்டியதாகச் சொன்னார்கள். ஆனால் வண்டல் தலை காட்டினால் ஊர் வந்துவிடுமா?

"அப்பாவுக்கு நெல் வயல், வெற்றிலைக் கொடிக்கால், ஒரு குளம் எல்லாம் இருந்தது. முதல்ல குளம் உடைஞ்சது. பிறகு வயல். ஒவ்வொரு தடவையும் வீட்டைப் பிரிச்சு உள்ளே தள்ளிக் கட்டினோம். நாலாவது தடவை தள்ளிக் கட்ட இடம் இல்லே" என்று அந்த அம்மாள் சொன்னார். சாகர் தீவில் அரசாங்கம் அமைத்த குடியேற்றக் காலனிக்கு வந்தார்கள். முதலில் வந்தவர்களுக்குக் கொஞ்சம் விளைநிலமும் கிடைத்ததாம், பின்னால் வந்தவர்களுக்கு வீடு கட்ட மனை மட்டும். இவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இதற்கெல்லாம் உலக வெப்பம் ஒன்றே காரணம் என்று சொன்னால் அது சரியாகாது. டெல்டா நிலம் தானாகவே மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது. மேலே அணைகள் கட்டியதால் வண்டல் குறைந்திருக்கிறது. ஹால்டியா துறைமுகத்துக்குக் கப்பல் வர வேண்டும் என்பதற்காக ஆற்றின் போக்கைத் திருப்பிய சுவர்தான் கோராமாராவை அரித்தது என்று தீவுவாசிகள் அடித்துச் சொல்கிறார்கள். ஆனாலும் கடல் மட்டம் உயர்ந்திருப்பது நிச்சயம். 1901 முதல் 2018 வரை உலகம் முழுவதும் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாக ஐக்கிய நாடுகள் சபையின் விஞ்ஞானிகள் குழு கணக்கிட்டிருக்கிறது. ஒரு சாண் அளவுதானே என்று தோன்றும். நிலம் தாழ்ந்து, கடல் ஏறி, நடுவில் ஒரு மண் கரை மட்டும் நிற்கிற ஊரில் ஒரு சாண் மிகப் பெரிய விஷயம். சுந்தரவனத்தின் இந்தியப் பகுதியில் 102 தீவுகள். அவற்றில் 54 தீவுகளில் ஜனங்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரதேசம் முழுவதையும் சேர்த்து சுமார் 45 லட்சம் பேர். அவர்கள் தலைக்கு மேலேதான் ஆறு ஓடுகிறது என்று சொல்லலாம். ஏற்றத்தின்போது தண்ணீர் வயலைவிட உயரத்தில் நிற்கும். இடையில் கரை.

2009 மே 25 அன்று ஐலா புயல் அந்தக் கரையை உடைத்தது. அந்த அம்மாள் வாழ்க்கைப்பட்ட ஊர் பாதர்பிரதிமா வட்டாரத்தில். புயலில் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வயலில் கடல் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தது, உப்பு வடியவில்லை. அடுத்த வருஷம் நாற்று விட்டார்கள், மஞ்சளாகிக் கருகிற்று. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. குளத்து மீன் செத்தது. மாட்டுக்குப் புல் இல்லை, மாட்டை விற்றார்கள். மூன்றாவது வருஷம் புருஷன் ஒரு கோஷ்டியோடு கேரளாவுக்குப் போனார். அந்த அம்மாள் ஹவுராவுக்கு வந்தார். இன்றைக்கும் ஊருக்கு ஊர் இதே வரிசைதான்: முதலில் உப்பு, பிறகு கடன், பிறகு ரயில்.

ரயில் என்றதும் ஒரு விஷயம். நம்மில் பெரும்பாலோர் ஹவுராவில் வந்து இறங்கியது மெட்ராஸ் மெயிலில். 1977க்குப் பிறகு வந்தவர்கள் கோரமண்டலில். சணல் ஆலைக் கணக்குப்பிள்ளை, ரயில்வே குமாஸ்தா, டைப்பிஸ்ட் என்று நம் அப்பாக்களைக் கொண்டுவந்து விட்ட வண்டி அது. 2022 முதல் கோரமண்டல் ஹவுரா ஸ்டேஷனிலிருந்து புறப்படுவதில்லை, ஷாலிமாருக்கு மாற்றிவிட்டார்கள். ஷாலிமாரும் ஹவுராதான், ஆனால் பெட்டி படுக்கையோடு அங்கே போய்ச் சேருவது தனிப் பிரயாணம். சாயங்காலத்தில் அந்தப் பிளாட்பாரத்தைப் பாருங்கள். முன்பதிவில்லாத பெட்டிக்கு முன்னால் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு வாளி, வாளிக்குள் முரியும் வெங்காயமும். பாசந்தி, கோசாபா, காக்த்வீப், நாம்கானா என்று ஊர் சொல்வார்கள். எங்கே போகிறாய் என்றால் "சென்னை", "கோயம்பத்தூர்", "கேரளா" என்பார்கள். வயிற்றுப்பாட்டுக்காக நாம் வந்த அதே தண்டவாளத்தில் அவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள்.

2023 ஜூன் 2 அன்று பாலசோர் பக்கத்தில் பாஹாநாகா பஜாரில் அந்த வண்டி விபத்துக்குள்ளாயிற்று. 290க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஷாலிமாரில் ஏறிய பையன்கள் அதில் எத்தனையோ பேர். சுந்தரவனக் கிராமங்களில் அந்த வாரம் அடுத்தடுத்த வீடுகளில் அழுகை கேட்டது. அதை ரயில் விபத்து என்று சொல்கிறோம், சரிதான். ஆனால் அவர்களை அந்தப் பெட்டியில் ஏற்றி வைத்ததில் ஐலாவுக்கும், 2020 மே 20 அன்று வந்த ஆம்பனுக்கும், 2021இல் வந்த யாஸுக்கும் பங்கு உண்டு. ஆம்பனை நாமும் மறக்கவில்லை. ஷிப்பூர் தாவரத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்திலேயே விழுதுகள் சாய்ந்து ஒரு பகுதி போயிற்று. நம் பேட்டைகளில் நாள்கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லை. மொட்டைமாடியில் நின்று கார்ப்பரேஷனைத் திட்டினோம். நமக்குச் சில நாள்தான், அவர்களுக்கு மறுபடியும் உப்பு.

சாப்பாடு, உடல்நலம், வேலை, குடியிருக்க இடம், அக்கம்பக்கத்தாரிடம் பயமில்லாமல் இருப்பது, இவையும் நாட்டின் பாதுகாப்பைச் சேர்ந்தவைதான் என்று 1994இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கை ஒன்று எடுத்துச் சொன்னது. அதன் பின்னால் இருந்தவர் பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக். நம் சாந்திநிகேதன் அமர்த்தியா சென்னின் கேம்பிரிட்ஜ் நண்பர். எல்லையில் பீரங்கி இருந்தால் போதாது, அடுப்பில் சோறும் இருக்க வேண்டும் என்பதை "மனிதப் பாதுகாப்பு" என்று பெயரிட்டுச் சொன்னார்கள். எனக்கு அது பெரிய தத்துவமாகத் தோன்றவில்லை. நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அரசாங்கங்களுக்கு யாராவது அறிக்கையாக அச்சடித்துக் கொடுத்தால்தான் தெரிகிறது.

புயலும் வெள்ளமும் சண்டையில் கொண்டுபோய் விடுமா? கல்கத்தாக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1970 நவம்பர் 12 இரவு கிழக்குப் பாகிஸ்தானின் போலா பகுதியில் அடித்த புயலில் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர் வரை இறந்தார்கள். பாகிஸ்தான் அரசாங்கம் மெத்தனமாக இருந்தது, உதவி தாமதமாகப் போயிற்று. அடுத்த மாசமே தேர்தல். கிழக்கில் 162 தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் பிடித்தது. ஆட்சியைக் கொடுக்க மறுத்து, 1971 மார்ச் 25 இரவு ராணுவத்தை ஏவினார்கள். ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்கு வந்தார்கள். சால்ட் லேக்கில் இன்று அடுக்கு மாடி வீடுகள் நிற்கிற இடத்தில் அப்போது அகதிகள் முகாம் இருந்தது. அன்று அரிசியும் போர்வையும் திரட்டியதை நம் பெரியவர்களில் சிலர் இப்போதும் சொல்வார்கள். டிசம்பரில் யுத்தம். புயல்தான் வங்கதேசத்தை உண்டாக்கிற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 1952 மொழிப் போராட்டத்திலிருந்தே அந்தப் புண் இருந்தது. இருந்தாலும், "நாம் செத்தால்கூட இவர்களுக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு ஜனம் முழுவதும் ஒரே சமயத்தில் நினைத்தது புயலுக்குப் பிறகுதான்.

அதே 1970 புயலுக்குப் பிறகு, ஹரியாபங்கா நதி முகத்தில் ஒரு மணல் தீவு எழும்பிற்று. நாம் அதை நியூ மூர் என்றோம், பூர்பாஷா என்றும் சொன்னோம். வங்கதேசத்தார் தெற்கு தால்பட்டி என்றார்கள். நீளம் மூன்று மூன்றரை கிலோமீட்டர், உயரம் இரண்டு மீட்டர்கூட இல்லை, குடி இருந்தவர் ஒருவரும் இல்லை. அதற்காக 1981இல் இந்தியா கடற்படைக் கப்பலை அனுப்பிக் கொடி நாட்டிற்று. டாக்காவில் கொந்தளிப்பு. முப்பது வருஷம் இரண்டு அரசாங்கங்களும் அதைப்பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. 2010இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகக் கடலியல் துறைப் பேராசிரியர் சுகதோ ஹாஸ்ரா, விண்கோள் படங்களைப் பார்த்துவிட்டுத் தீவு மூழ்கிவிட்டது என்று அறிவித்தார். வழக்கு மட்டும் மூழ்கவில்லை. கடல் எல்லைத் தகராறு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய், 2014 ஜூலையில் தீர்ப்பு வந்தது. தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போயிற்று. இரண்டு நாடுகளும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டன. சண்டை இல்லாமல் முடிந்த கதைகளை யாரும் அதிகம் சொல்வதில்லை, அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

எல்லைக்கோடு கடலில் போட்டாயிற்று, மீனுக்கு அது தெரியுமா? 2024 கடைசியில் காக்த்வீப் பக்கத்து மீனவர்கள் 95 பேர் வங்கதேசச் சிறையில் இருந்தார்கள். அவர்கள் மீனவர்கள் 90 பேர் இங்கே. 2025 ஜனவரியில் நடுக்கடலில் வைத்து மாற்றிக்கொண்டார்கள். ராமேஸ்வரத்துச் செய்தியைப் படித்துப் படித்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரையோரத்தில் மீன் குறையக் குறைய படகு தூரம் போகிறது. தூரம் போனால் எல்லை வருகிறது.

ஹூக்ளியில் ஓடும் தண்ணீருக்கும் இப்படி ஒரு வழக்கு உண்டு. கல்கத்தா துறைமுகம் தூர்ந்துபோகாமல் இருக்க, கங்கையிலிருந்து 40,000 கன அடி திருப்பிவிட வேண்டும் என்று ஃபராக்காவில் அணை கட்டி 1975இல் திறந்தார்கள். மறு வருஷமே மௌலானா பாஷானி வங்கதேசத்தில் அதை எதிர்த்து நெடும் பாதயாத்திரை நடத்தினார். கோடையில் தங்கள் ஆறு வறண்டு, உப்பு உள்ளே ஏறுகிறது என்பது அவர்கள் குறை. 1996 டிசம்பர் 12 அன்று தேவே கௌடாவும் ஷேக் ஹசீனாவும் முப்பது வருஷ ஒப்பந்தம் செய்தார்கள். அதன் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. இமயத்துப் பனி குறைந்து, மழை ஒரு வருஷம் கொட்டி ஒரு வருஷம் ஏமாற்றினால், முப்பது வருஷத்துக்கு முந்திய கணக்கை வைத்து எதைப் பங்கிடுவது?

காவிரியை நினைத்துக்கொள்ளாமல் ஒரு தமிழன் இதை எழுத முடியாது. நடுவர் மன்றம் 1991 ஜூனில் 205 டி.எம்.சி. என்று இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அது அரசிதழில் வந்ததும் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஓடிவந்தார்கள். என் சித்தி பிள்ளை குடும்பத்தோடு ஓசூரில் வந்து நின்றான். பத்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவர்தான் அவர்களை ஒளித்து வைத்தார், அவர் கன்னடக்காரர். மழை பொய்த்த 2016 செப்டம்பரில் பெங்களூரில் மறுபடியும் பஸ்கள் எரிந்தன. கவனித்துப் பாருங்கள், 1991இல் நெருப்பு வைத்தது வறட்சி அல்ல, ஒரு காகிதம். தண்ணீர் குறைவது இயற்கை. அந்தக் குறையை வெளியூர்க்காரன் தலையில் கட்டுவது மனிதர்கள் செய்வது. சூடானில் டார்ஃபூர் சண்டையைப் பற்றி 2007இல் ஐ.நா. செயலாளர் பான் கி மூன் எழுதியபோது, மழை குறைந்ததில்தான் அது தொடங்கிற்று என்றார். அதே டார்ஃபூரில் மழை இருந்த காலத்தில் மேய்ப்பவரும் உழுபவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள்.

நம் தமிழ்நாடும் இதற்கு விலக்கில்லை. 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைப்பேசிகளில் பரவின. எங்கேயோ நடந்த சம்பவத்தைத் திருப்பூர் என்று போட்டுவிட்டார்கள். பயந்துபோன பையன்கள் மூட்டை கட்டினார்கள். பீகார் அரசாங்கம் ஒரு குழுவையே அனுப்பிற்று. தமிழ்நாட்டு அரசும் போலீசும் வேகமாக மறுத்ததால் அடங்கிற்று. அந்த நாட்களில் எங்கள் வீட்டு அம்மாள் தினமும் என்னிடம், "உங்க ஊர்க்காரங்க அப்படிப்பட்டவங்களா?" என்று கேட்பார். இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது 1991 ஞாபகம் வந்தது, ஆனாலும் சொன்னேன்.

2025இல் நடந்தது வேறு விதம். டில்லி, ஹரியானா, ஒடிசா என்று பல இடங்களில் வங்காளி பேசும் தொழிலாளர்களை வங்கதேசத்தார் என்ற சந்தேகத்தில் பிடித்து வைத்தார்கள். மேற்கு வங்காளத்துக்காரர்கள் சிலரை எல்லைக்கு அப்பால் தள்ளி, பிறகு திரும்ப அழைத்துவரவும் நேர்ந்தது. ஏழை, முஸ்லிம், வங்காளி பேசுகிறவன் என்றால் சந்தேகம் இன்னும் பலம். இதில் ஆற்றுக்கு நிலத்தைக் கொடுத்தவன் பாடு தனி. காட்டுவதற்கு வீடு இல்லை. பிறந்த கிராமம் படத்தில் இல்லை. படித்த பள்ளிக்கூடம் இப்போது மீன் நீந்துகிற இடம். நாடு விட்டு நாடு ஓடுகிறவனுக்கு 1951 அகதிகள் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது, அதிலும் கடலுக்குப் பயந்து ஓடுகிறவனுக்கு இடமில்லை. சொந்த நாட்டுக்குள்ளேயே நகர்ந்தவனுக்கு என்ன இருக்கிறது? ஆற்று அரிப்பால் இடம் பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 15ஆவது நிதிக் கமிஷன் முதல் தடவையாக ரூ.1,000 கோடியைத் தனியாகக் குறிப்பிட்டது, 2021 முதல் 2026 வரைக்கும். நாடு முழுவதுக்கும் சேர்த்து அந்தத் தொகை. மால்டாவும் முர்ஷிதாபாத்தும் மட்டுமே அதை விழுங்கிவிடும்.

மறுநாள் அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அதற்குள் இன்னொரு உறை. அதற்குள் அவர் அப்பாவின் பெயரில் ஒரு கிரயப் பத்திரம், ஓரம் பழுத்து, முத்திரை மங்கி. எல்லை சொல்லியிருந்தது: கிழக்கே இன்னாருடைய கொடிக்கால், மேற்கே பொதுப் பாதை, தெற்கே குளக்கரை. ஐலாவின்போது அரிசிப் பானையை விட்டுவிட்டு இதைத் தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு கரைமேல் நின்றாராம், அவர் அம்மா கொடுத்துவிட்டுப் போனது என்பதற்காக. பானையை எடுத்திருக்கலாமே என்று அப்போது புருஷன் திட்டினாராம்.

சாந்த்ராகாச்சியில் ரயில்வே கேட் பக்கத்து செராக்ஸ் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரப் பையன் பத்திரத்தைக் கண்ணாடியில் வைத்து மூடும்போது, "எந்த ஊர் நிலம், மாசி? நல்ல விலை போகுமா?" என்று கேட்டான். அந்த அம்மாள் சிரித்தார். நான்கு பிரதி எடுத்தோம். ஒன்றைப் படமெடுத்துத் திருப்பூருக்கு அனுப்பினேன், பத்திரத்தில் உள்ளதைத் தமிழில் எழுதி, கீழே என் பெயரும் விலாசமும் போட்டு. சாயங்காலம் காண்ட்ராக்டர் கூப்பிட்டார். "கிடைச்சுதுங்க சார். ஸ்டேஷன்ல கொடுத்திருக்கறோம். நாளைக்கு ஷிப்டுக்கு வரச் சொல்லியிருக்கறேன்" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "ஏனுங்க சார், அந்த இடம் இப்ப நெசமாலுமே தண்ணிக்குள்ளதான் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.